மாப்பிள்ளை பகுதி எங்கே?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். இதனை வாசிப்பவர் யாரென நான் அறியேன். ஆயினும், பிறர் வீட்டு வாசற் படலையில் நின்று கூப்பிடுகின்றவன் முதலில் தன்னை இன்னான் என்று சொல்லவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்திச் சீவித்தவன். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதன்பின் நான் கற்றவையெல்லாம் எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலையில், மேசைமேல் விரித்துக் கிடந்த பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கங்களிலிருந்து கற்றவை. ஆகையால் என் எழுத்தில் தலையங்கத்தின் வாடை அடிக்குமாயின் பொறுத்தருள்க. என் மனைவி ஒருநாளும் பொறுத்தருளியதில்லை.

இக்குறிப்பு அவளைப் பற்றியது. அவள் எங்கள் முன்பள்ளியின் ஆசிரியையாக இருந்தவள். வட்டாரத்தில் வளர்ந்தவர்களுள் அரைவாசிப் பேருக்கு முதன்முதலாக விரல் பிடித்து எழுத்துக் காட்டியவள். ஊர் முழுவதும் அவளை ரீச்சர் என்றே அழைத்தது. வெளியார் முன்னிலையில் நானும் அவ்வாறே அழைத்தேன். ஓய்வு பெற்றபின், பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தின் வேட்பாளராக அவள் நின்றாள்.

நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. முன்பள்ளி அமைந்திருப்பது பள்ளத்து ஒழுங்கை என்னும் குறுந்தெருவில். மாரி வெள்ளம் அவ்வொழுங்கையின் ஓரமாக ஓடிக் குளத்தைச் சேரவேண்டியது முறை. ஆனால் வாய்க்கால் தூர்ந்தும் மதகு இடிந்தும் கிடப்பதால், வெள்ளம் ஒழுங்கையிலேயே தங்கிவிடும். எங்கள் நிலமோ சுண்ணாம்புக்கல் நிலம். மேலே தங்குவது அனைத்தும் கீழே இறங்கிக் கிணற்றைச் சேரும். மலசலகூடக் குழிகளின் நீரும் அதனோடு கூடிச் சேரும். கார்த்திகை, மார்கழியில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் முன்பள்ளிக்கு வருவார்கள். வந்த பிள்ளைகளில் சிலர் அடுத்த கிழமை வயிற்றோட்டத்தால் வராமற்போவார்கள். என் மனைவி எழுதிய விண்ணப்பங்களுக்கெல்லாம், இது வட்டார உறுப்பினர் சபையில் முன்வைக்கவேண்டிய விடயம் என்ற ஒரே பதில் கிடைத்தது. உறுப்பினர் முன்வைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கையில், "அப்ப உறுப்பினரா நானே போறன்" என்றாள். நான் பகிடி என எண்ணினேன். அவள் அகப்பையைக் கீழே வைக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

நான் வாலிப வயதிலிருந்து ஒரே கட்சிக்கு வாக்களித்து வந்தவன். அக்கட்சி எது என்பது இங்கு முக்கியமன்று. சபைத் தேர்தல்களில் பெண் வேட்பாளர்களும் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததால், கட்சிகள் பெண்களைத் தேடி அலைந்த காலம் அது. எங்கள் கட்சியின் அமைப்பாளர் யாழ்ப்பாண நகரிலிருந்து தொலைபேசியில் கதைத்தார். எங்கள் வட்டாரம் எப்பொழுதும் கட்சிக்கு விழுகின்ற வட்டாரம் என்றும், ரீச்சர் வீட்டில் பேசாமல் இருந்தாலும் வெல்லுவார் என்றும் அவர் உறுதி கூறினார். அவள் ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

"அது சரி தம்பி. ஆனால் எம்.பி. ஐயா ஒருக்கா வந்து என்னோடை நிண்டு நாலு படலையிலை சொல்லவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"அதுக்கென்ன ரீச்சர், கட்டாயம் வருவார்."

சொல்லுதல் என்பதன் பொருளை வெளியூர் வாசகருக்கு நான் விளக்கவேண்டும். எங்கள் பகுதியில் கலியாணமென்றால் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு இருந்துவிட முடியாது. புருசனும் மனைவியுமாகச் சந்தனம், குங்குமத்தோடு வீடு வீடாகச் சென்று, இன்ன நாளில் இன்ன காரியம், கட்டாயம் வரவேண்டும் என்று வாயால் சொல்லவேண்டும். வாயால் சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். கோபத்தினால் அன்று, தங்களை வேண்டாதவர்கள் என்று எண்ணி ஒதுங்கிவிடுவார்கள். பெண் பகுதியும் மாப்பிள்ளை பகுதியும் ஒரே ஊரென்றால், இரு பகுதியாரும் வந்து சொல்லுவார்கள். ஒரு பகுதி மாத்திரம் சொல்லி மறு பகுதி சொல்லாவிட்டால், அந்தக் கலியாணத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்று ஊர் விளங்கிக்கொள்ளும். வாக்குக் கேட்பதையும் எங்கள் சனங்கள் இவ்வாறே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கட்சி அறிந்திருக்கவில்லை. மாதகல் வீதியில் ஒலிபெருக்கி வாகனம் போனால் எல்லோருக்கும் சொன்னதாகிவிட்டது என்று அது எண்ணியது.

இன்னொரு விடயமும் உண்டு. சபைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இராது. கட்சியின் பெயரும் சின்னமும் மாத்திரமே இருக்கும். ஆகவே, சின்னத்தைக் கொண்டவர்கள் வந்து, இவர்தான் எங்கள் ஆள் என்று ஊருக்குச் சொல்லாதவரை, ரீச்சர் ரீச்சராகவே இருப்பாள். சின்னம் சின்னமாகவே இருக்கும்.

துண்டுப்பிரசுரத்தை நான் எழுதினேன். சனநாயகத்தின் ஆணிவேர் என்று தொடங்கி இரண்டு பக்கங்கள் எழுதினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, உதை வாசிச்சு முடிக்க அடுத்த தேர்தல் வந்திடும்" என்றாள். பின் மூன்று வரிகளில் வாய்க்காலையும் மதகையும் தன் பெயரையும் எழுதி அச்சுக்குக் கொடுத்தாள். என் இரண்டு பக்கங்கள் இன்றும் அலுமாரியில் கிடக்கின்றன.

நாங்கள் காலை வெயில் ஏறுமுன் புறப்படுவோம். நான் துவிச்சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். முழங்கால் நோவுடைய அவள் ஒரு கையை வண்டியின் பின் இருக்கையில் ஊன்றிக்கொண்டு நடப்பாள். ஒவ்வொரு படலையிலும் அவளே கூப்பிடுவாள். வீட்டுக்காரர் என்னும் அந்த ஒரு சொல்லை முன்பள்ளியில் பிள்ளைகளைப் பாட்டுக்கு அழைக்கும் அதே இராகத்தில் இழுப்பாள். எந்தப் படலையில் நாய் நிற்கும், எந்த வீட்டில் அடுப்படிப் பக்கமாகச் சென்று கூப்பிட்டால்தான் காது கேட்கும், எந்த வீட்டில் அண்மையில் பிறப்பு, இறப்புத் துடக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தக் காலைகளைப் போல் வேறு காலைகள் என் சீவியத்தில் வந்ததில்லை. முதுமையில் ஒருவன் தன் மனைவியின் பின்னால் வண்டி உருட்டிக்கொண்டு ஊர் முழுவதும் நடப்பதில் இத்தனை இன்பம் இருக்கும் என்று எந்தத் தலையங்கமும் எனக்குச் சொல்லவில்லை.

முதற் படலை பெரியண்ணருடையது. அவர் வெங்காயமும் புகையிலையும் வைக்கும் மூத்த தோட்டக்காரர். எங்களுக்குச் சொந்தமல்லர்; ஊருக்கே பெரியண்ணர். அவர் ஒரு விடயத்தைச் சொன்னால் மாலைக்குள் அது எல்லாத் தோட்டங்களுக்கும் தண்ணீரைப்போல் பாய்ந்துவிடும். அவர் படலையைத் திறந்து எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒழுங்கையையும் பார்த்தார்.

"பொம்பிளை பகுதி வந்து நிக்குது. மாப்பிள்ளை பகுதி எங்கை, தங்கச்சி?"

"வருவினம் அண்ணை."

"எப்ப? தாலி கட்டின பிறகோ?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலைக்குள் அது வட்டாரத்தின் பகிடியாகிவிட்டது. அடுத்த நாள் முதல் எந்தப் படலையில் நின்றாலும் தேநீரும் கிடைத்தது; மாப்பிள்ளை பகுதியைப் பற்றிய விசாரிப்பும் கிடைத்தது. சிலர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். சிலர் சிரியாமற் கேட்டார்கள். சிரியாமற் கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்வது நாளுக்குநாள் அவளுக்குக் கடினமாகியது. அமைப்பாளருக்கு அவள் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், ஐயா கொழும்பில் நிற்கிறார், அடுத்த கிழமை வருவார் என்றார்.

அடுத்த கிழமை சனசமூக நிலைய முற்றத்தில் கூட்டம் என்று நாள் குறித்தார்கள். நாங்கள் வாடகைக் கதிரைகள் எடுத்துப் போட்டோம். பாராளுமன்ற உறுப்பினர் அமர்வதற்கென ஒரு கதிரைக்கு மாத்திரம், எங்கள் வழக்கப்படி, தோய்த்து மடித்த வெள்ளைத் துணியை என் மனைவி விரித்தாள். சனம் வந்தது. பெரியண்ணரும் தோளில் சால்வையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். மாலை சாய்ந்தது. அமைப்பாளர் தொலைபேசி எடுத்து, ஐயா வல்வெட்டித்துறைப் பக்கம் வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார் என்றார். அங்கே போட்டி பலமாம். எங்களுடையது பயமில்லாத வட்டாரமாம்.

அவள் எழுந்து அந்த வெள்ளைக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். நெடுநேரம் பேசவில்லை.

"ஐயா வருவார் எண்டு சொன்னவை. வரேல்லை. நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். சீட்டிலை என்ரை பேர் இருக்காது. சின்னத்தைப் பாக்கேக்கை பள்ளத்து ஒழுங்கைத் தண்ணியை நினையுங்கோ."

சனம் மரியாதையாகக் கேட்டது, மரியாதையாகத் தேநீர் குடித்தது, மரியாதையாகப் போய்விட்டது. கூட்டம் கலைந்தபின் அவள் வெள்ளையை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் மறு கட்சியின் தலைவர் தம் வேட்பாளரான பலசரக்குக் கடைக்காரரோடு எங்கள் வட்டாரத்துக்கு வந்தார். படலையில் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்து இருந்தார், கொடுத்ததைக் குடித்தார். பள்ளத்து ஒழுங்கையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரருக்கும் அதில் கவலை இருந்ததாக நான் அறியேன். ஆனால் இரு பகுதியாரும் வந்து சொல்லிவிட்டார்கள். தேர்தலில் வட்டாரம் அவர்களுக்குப் போயிற்று. வாக்குகளில் பெரிய வித்தியாசமுமில்லை. சில குடும்பங்கள் இப்பக்கம் திரும்பியிருந்தால் எங்களுடையதாயிருக்கும்.

அவளிடம் எழுத்துப் படித்த ஒரு பெண், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவ்வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். அந்த ஐயா வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கேட்டவர். மாமா அவருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டார். நான் என்னெண்டு மாத்திப் போடுறது?"

அவளைத் தேற்றி அனுப்பியவள் என் மனைவிதான். அன்று மாலை விளக்கு வைத்தபின், நான் கேளாமலே, "கூப்பிட்ட படலை எல்லாம் திறந்ததுதானே" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கட்சியிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாரியிலும் வெள்ளம் நின்றது. முன்பள்ளியில் இருந்த காலத்தைப்போலவே அவள் பள்ளத்து ஒழுங்கை முகப்பில் நின்று, பிள்ளைகளைக் கைமாற்றி வாங்கிக் கரை சேர்த்தாள்.

பின்னர் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அப்பொழுது ஐயா வந்தார். இரண்டு வாகனங்களில் வந்து, எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்து, ரீச்சர் முன்னால் நடந்தால் தனக்குப் பலம் என்று பணிவாகவே கேட்டார். அவளும் பணிவாகவே மறுமொழி சொன்னாள்.

"முழங்கால் ஏலாது ஐயா. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

அதே முழங்காலோடு அவள் வட்டாரம் முழுவதும் நடந்தவள் என்பது வாகனத்தில் வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தாங்களாகவே போனார்கள். நாய் நிற்கும் படலையை அமைப்பாளர் திறந்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிமேல் ஏறினார். காது கேளாத கிழவியின் வீட்டு முன் நின்று நெடுநேரம் கூப்பிட்டுவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பினார்கள். ஐயா அம்முறையும் பாராளுமன்றம் போனார். எனினும் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு முன்னைப்போல் விழவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

என் தொழிலில் கண்ட ஒன்றை இங்கு சொல்ல அனுமதி வேண்டுகிறேன். கிணற்றில் இறங்கும் குழாயின் அடியில் புட்வால்வு என்று ஒன்று உண்டு. மேலே எத்தனை நல்ல இயந்திரம் பூட்டினாலும், அடியிலுள்ள அந்தச் சிறிய மூடி நீரைப் பிடித்து வைக்காவிட்டால், குழாயிலுள்ள தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மேலிருந்து வாளியால் வார்த்து வார்த்துத்தான் இயந்திரத்தை இறைக்கச் செய்யவேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் ஒலிபெருக்கியோடு வரும் கட்சியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த வாளியே நினைவுக்கு வரும். இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டும் வைக்கிறார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பாரில்லை. பாராளுமன்றத்துக்கு நிற்பவரும் மாகாண சபைக்கு நிற்பவரும் பள்ளத்து ஒழுங்கைக்கு நிற்பவரும் ஒரே குழாயிலுள்ளவர்கள். இதை நான் அவளுக்கு ஒருமுறை சொன்னேன். "உதையும் நோட்டீசிலை போட்டிருப்பியள், நல்லகாலம்" என்றாள்.

அதற்கு அடுத்த ஆண்டு, மாரிக்குச் சற்று முன், நெஞ்சு நோவென்று ஒருநாட் காலை இருந்தாள், மத்தியானம் இல்லை.

நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போகவேண்டும் என்று வைத்திருக்கும் எங்கள் ஊர், செத்த வீட்டுக்குச் சொல்லும்வரை காத்திராது. எல்லோரும் வந்தார்கள். ஐயாவும் வந்தார். வாகனத்தை வீதியிலே விட்டுவிட்டு, படலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் மாலையோடு நடந்து வந்தார். பந்தலுக்குள் என் பக்கத்தில் இருந்த பெரியண்ணர் அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மாத்திரம் கேட்கச் சொன்னார்.

"மாப்பிள்ளை பகுதி வந்திட்டுது, தம்பி."

அது பகிடியன்று. சொன்னவரின் கண்கள் நிறைந்திருந்தன.

அமைப்பாளர் குனிந்து என் காதருகில், கட்சிக் கொடியை ரீச்சர்மேல் போர்த்தலாமா என்று கேட்டார். கொடி மடித்தபடி அவர் கையில் இருந்தது.

"அது அவ கேட்டதில்லைத் தம்பி. அவ கேட்டது ஒருக்கா வந்து சொல்லச் சொல்லித்தான்."

அவர் கொடியைப் பைக்குள் வைத்தார். ஐயா நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். ரீச்சர் தன்னிடம் அப்படி ஒன்று கேட்டது தனக்கு ஒருவரும் சொல்லாத விடயம் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். வட்டாரத்தில் நிற்பவரின் சொல் மேலே போய்ச் சேருவதற்கு வழியில்லாத கட்சியில், மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாதிருப்பது இயல்பே. அடுத்த முறை இந்த வட்டாரத்தில் யார் நின்றாலும், அவரோடு வந்து நில்லுங்கள் என்று கேட்டேன். ஓம் என்றார். செத்த வீட்டில் சொல்லப்படும் ஓம்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நெடுங்காலம் நடக்காதிருந்த சபைத் தேர்தல் இப்பொழுது மீண்டும் வந்திருக்கிறது. எங்கள் கட்சியின் சார்பில் நிற்பவள், அன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுத அந்தப் பெண்தான். வீட்டில் தையல் மெசின் வைத்துச் சீவிப்பவள். பள்ளத்து ஒழுங்கை இன்றும் அப்படியே கிடக்கிறது. அவள் என்னிடம் வந்து, ரீச்சர் நடந்த வழியாகவே தானும் நடக்க விரும்புவதாகவும், நான் கூட வரவேண்டும் என்றும் கேட்டாள். நான் ஐயாவின் வீட்டுக்கே நேரில் சென்று, இன்ன நாள், இன்ன நேரம், முதற் படலை பெரியண்ணருடையது என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை அவர் வந்தார். ஒரேயொரு ஒழுங்கைக்குத்தான் அவருக்கு நேரம் இருந்தது. வாகனத்தை வாசிகசாலையடியில் விட்டுவிட்டு எங்களோடு நடந்தார். பெரியண்ணரின் படலையை அடைந்ததும் மூவரும் நின்றோம். தையற்காரப் பெண் கூப்பிடுவதற்கு என்னைப் பார்த்தாள். நான் என்னை அறியாமல், எனக்கு முன்னால் ஒரு குரல் எழும் என்று காத்து நின்றேன். பின்னர் அவளே, தான் சிறுபிள்ளையில் கேட்ட அதே இராகத்தில், "வீட்டுக்காரர்" என்று இழுத்தாள்.

பெரியண்ணர் வந்தார். இப்பொழுது தடி ஊன்றியே நடக்கிறார். படலைக்கு மேலால் அவளைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், அவர் கழற்றி வைத்த செருப்பையும் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. படலையை அகலத் திறந்துவிட்டு, "வாங்கோ, இருங்கோ" என்றார். உள்ளே போகும்போது நான் வண்டியின் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஊன்றியிருந்த கையின் பாரம் இல்லாமல், வண்டி வழியெங்கும் இலேசாக உருண்டு வந்திருந்தது.

வாக்களிப்பு இன்னும் நடக்கவில்லை. அவள் வெல்லக்கூடும், தோற்கவும் கூடும். கட்சி அடுத்த முறையும் வந்து நிற்குமோ, இதுவும் ஒரு காலையோடு போய்விடுமோ, நான் அறியேன். ஒருமுறையாவது வந்தது என்பதையும், ஒரு காலைக்கு மாத்திரம் வருவது முறையன்று என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணியதால் எழுதினேன்.

ஐயா, அம்மா, வாசித்து முடிந்ததும் இத்தாள்களை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.